அடம் இல்லைங்க, அவன் உடம்பு பதறுது

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், சோமனூர்ப் பகுதிக் குழு உறுப்பினர் ஒருவர் பேசிய பேச்சின் எழுத்து வடிவம்)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லைங்க. பத்தாவது வரைக்கும் படிச்சேன். குழுவுல இதுவரைக்கும் நான் எழுந்து நின்னு பேசினதெல்லாம் "தவணை கட்டிட்டேனுங்க"ன்னு சொல்றதுக்கு மட்டும்தான். தலைவி அக்கா போன மாசம் வீட்டுக்கு வந்து, "கடன் வாங்கி முன்னேறுன கதையை எல்லாரும் சொல்றாங்க. நீ உன் பையன் கதையைச் சொல்லு அம்மிணி"ன்னாங்க. "அக்கா, எனக்கு அழுகை வந்துரும்"னேன். "அழு. பக்கத்துல தண்ணி வெச்சிருக்கேன்"னாங்க. அந்தத் தைரியத்துல வந்து நிக்கிறேன்.

என் பையனுக்கு இப்ப 9 வயசு. வீட்டுல சாமின்னுதான் கூப்பிடுவோம். எங்க வீடு தறிக்குடோனை ஒட்டியே இருக்கு. கூலிக்குத் தறி ஓட்டுற குடும்பம். அவன் வயித்துல இருக்கும்போதே தறிச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவன். ரெண்டு வயசாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பிப் பார்க்க மாட்டான். "தறிச் சத்தத்துல பையனுக்குக் காது அடைச்சுப் போச்சு"ன்னாங்க என் மாமியார். காது டெஸ்ட் எடுத்தோம். காது நல்லாக் கேட்குதுன்னு சொல்லிட்டாங்க. கேட்கிற காதுக்கு நான் கூப்பிடறது மட்டும் ஏன் எட்டலைன்னு எனக்குப் புரியலை. அந்தக் கேள்வியோடயே ரெண்டு வருசம் போச்சு.

காலித் தார்க்குச்சிகளைத் தரையில் வரிசையா அடுக்குவான். மணிக்கணக்கா அதே வேலை. யாராவது ஒரு குச்சியை நகர்த்திட்டா வீடே அதிர்ற மாதிரி கத்துவான். காதைப் பொத்திக்குவான், தலையைச் சுவத்துல மோதுவான், பிடிக்கப் போனா என் கையைக் கடிப்பான். இந்தத் தழும்பு அப்ப வந்ததுதான். சந்தைக்குக் கூட்டிட்டுப் போனா பாதியில் தரையில் விழுந்து புரளுவான். சுத்தி நிக்கிறவங்க, "பொம்பளை செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கா"ம்பாங்க. நானும் அதை நம்பினேன். அடம்னு நினைச்சு அவனை அடிச்சிருக்கேனுங்க. அடிச்சா இன்னும் கத்துவானே தவிர ஒரு நாளும் அடங்கினது இல்லை.

இப்ப இங்கே இன்னொண்ணும் சொல்லணும். அவனுக்கு மூணு வயசு இருக்கும்போது, ஒரு ஆள் எண்ணெயும் பொடியும் குடுத்து 90 நாளில் பேச வெச்சுடறேன்னு சொன்னான். மொத்தம் 20,000 ரூபாய் கேட்டான். நான் நம்ம குழுவுல கறவை மாடு வாங்கறதுக்குன்னு சொல்லிக் கடன் எடுத்து அவன்கிட்டக் குடுத்தேன். 90 நாள் முடிஞ்சது, பையன் பேசலை. அந்த ஆள் போனையும் எடுக்கலை. கூட்டத்துல "மாடு எங்கே அம்மிணி?"ன்னு கேட்டப்ப, "எங்கம்மா வீட்டுல கட்டியிருக்குங்க"ன்னு பொய் சொன்னேன். தார் சுத்தின காசுல தவணையை ஒண்ணு விடாமக் கட்டி முடிச்சேன். அசலும் வட்டியும் அடைஞ்சுது, பொய் மட்டும் பாக்கி இருந்தது. அதையும் இன்னிக்கு இந்த மைக் முன்னாடி அடைச்சிடறேன். குழு அக்காக்கள் என்னை மன்னிக்கணும்.

நாலரை வயசுல கோயமுத்தூர்ல ஒரு டாக்டரம்மா அவனை ஒரு மணி நேரம் பக்கத்துல உட்கார வெச்சுப் பார்த்தாங்க. என்னையும் நிறையக் கேள்வி கேட்டாங்க. அப்புறம்தான் ஆட்டிசம்னு சொன்னாங்க. தமிழ்ல மதியிறுக்கம்னு எழுதுறாங்க. இது புதுசா வந்த நோய் இல்லை. 1943-லேயே அமெரிக்காவில் லியோ கேனர்னு ஒரு டாக்டர் 11 பிள்ளைகளைப் பார்த்து இதைப் பத்தி எழுதியிருக்கார். அதுக்கப்புறம் ரொம்ப வருசம், தாய் பாசம் காட்டாததாலதான் பிள்ளை இப்படி ஆகுதுன்னு படிச்ச டாக்டர்களே சொல்லிட்டு இருந்தாங்களாம். 1964-ல் பெர்னார்ட் ரிம்லாண்ட்னு ஒருத்தர், ஆட்டிசம் உள்ள ஒரு பையனோட அப்பா, அவரும் ஒரு உளவியல் படிப்பாளி, இது தாயோட குத்தம் இல்லை, பிள்ளையோட மூளை வளர்ற விதம்னு புத்தகமே எழுதினார். அந்த விசயம் சோமனூருக்கு வந்து சேர இன்னும் அறுபது வருசம் ஆயிருக்கு. இங்கே உட்கார்ந்திருக்கிற ஏதாவது ஒரு தாய்க்கு இது தேவைப்படும்னுதான் சொல்றேன். இது நம்ம தப்பு இல்லைங்க. யாரோட சாபமும் இல்லை. மருந்து குடுத்து மாத்தற வியாதியும் இல்லை. அப்படி மாத்தறேன்னு எவனாவது பணம் கேட்டா, தயவுசெஞ்சு என் மாட்டுக் கதையை நினைச்சுக்குங்க.

டாக்டரம்மா சொன்னது அன்னிக்குக் காதுல விழுந்துச்சு, மனசுல பதியலை. அதை எனக்குப் புரிய வெச்சது கரண்ட் கட்டுதான்.

கரண்ட் போனா நம்ம ஊர்ல என்ன நடக்கும்? தறி நிக்கும், எல்லாரும் வெளியே வந்து திட்டுவோம். ஒரு நாள் அப்படி நின்னப்ப திண்ணையில் என் பையனைப் பார்த்தேன். தோள் ரெண்டும் தளர்ந்து, வாய்க்குள்ளேயே ஏதோ முனகிட்டு, லேசாச் சிரிச்சிட்டு உட்கார்ந்திருந்தான். கரண்ட் வந்து தறி ஓட ஆரம்பிச்சதும் தோள் ரெண்டும் காது வரைக்கும் ஏறிக்கிச்சு. 2022 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்டத்துல தறிகளை நிறுத்தினாங்களே, அப்ப ஒரு மாசத்துக்கு மேல வீட்டுல வருமானம் இல்லை. நானும் வீட்டுக்காரரும் தூக்கமில்லாம இருந்தோம். ஆனா பையன் அத்தனை நாளும் கத்தலைங்க. ராத்திரி நல்லாத் தூங்கினான். என் மடியில் தானா வந்து தலை வெச்சான். எங்களுக்குச் சோறு போடற சத்தம்தான் என் பிள்ளையைக் கொன்னுட்டு இருக்குதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

விசைத்தறிக் கூடத்துக்குள்ளே 90 டெசிபலுக்கு மேல சத்தம் இருக்கும்னு சொல்றாங்க. நமக்கே பக்கத்துல இருக்கிறவங்க பேசறது கேட்காது, வாயசைவைப் பார்த்துத்தானே பேசிக்கிறோம். ஆட்டிசம் உள்ள நிறையப் பிள்ளைகளுக்குச் சத்தம், வெளிச்சம், துணி உரசறது, வாசம் எல்லாமே நம்மைவிடப் பல மடங்கு கூடத் தெரியும். சில பிள்ளைகளுக்கு வெளியே இருக்கிறது அதிகமாத் தெரியும், உள்ளே நடக்கிறது தெரியாது. பசிக்குதா, மூத்திரம் வருதா, நெஞ்சு படபடக்குதான்னு உடம்பு குடுக்கிற சேதி புரியாது. நமக்குக் கோபம் வரும்போது மூஞ்சி சூடாகும், மூச்சு வாங்கும். "ஐயோ கோபம் வருதே"ன்னு தெரிஞ்சுக்கிட்டு எழுந்து வெளியே போறோம். அவனுக்கு அந்த முன்னறிவிப்பே இல்லை. அணை நிரம்பறது தெரியாம ஒரேயடியா உடையுது. வெளியே இருந்து பார்க்கிற நமக்கு அது அடம் மாதிரித் தெரியுது.

அடம்னா, கேட்டது கிடைச்சா நின்னுரும். மிட்டாய் குடுத்தா அழுகை நிக்கும். பக்கத்துல யாராவது பார்க்கிறாங்களான்னு ஒரு கண்ணு பார்த்துக்கும். இது அப்படி நிக்காதுங்க. மிட்டாய் குடுத்தாலும் நிக்காது, அடிச்சாலும் நிக்காது. உடம்பு தானா ஓயற வரைக்கும் போகும். இந்த வித்தியாசம் தெரியாமத்தான் நான் மூணு வருசம் அடிச்சேன்.

அவனுக்கு ஆறு வயசு ஆனப்ப, கோயமுத்தூர்ல ஒரு பயிற்சி மையத்துக்குக் கூட்டிட்டுப் போனோம். அங்கே ஒரு தெரபி மேடம். அவன் விரல்ல ஒரு கிளிப் மாட்டினாங்க. அதுல இருந்து ஒரு ஒயர் கம்ப்யூட்டருக்குப் போகுது. திரையில் ஒரு பலூன். அவன் நெஞ்சு வேகமா அடிச்சாப் பலூன் கீழே வரும். மெதுவா மூச்சு விட்டா, அடி குறைஞ்சாப் பலூன் மேலே போகும். இதுக்குப் பேரு பயோஃபீட்பேக்குங்க. 1969-லேயே அமெரிக்காவில் இதுக்குன்னு ஒரு ஆராய்ச்சிச் சங்கமே ஆரம்பிச்சிருக்காங்க. நெஞ்சுத் துடிப்பு, உள்ளங்கை வியர்வை, விரல் சூடு, மூச்சு இதுல ஏதாவது ஒண்ணை மிசின் அளந்து, அப்பவே கண்ணுக்கோ காதுக்கோ தெரியற மாதிரி காட்டும். அவ்வளவுதான் அதோட வேலை. மருந்தும் இல்லை, கரண்டும் உடம்புக்குள்ளே போகாது.

பாஸ்டன் ஊர்ல குழந்தைகள் மருத்துவமனையில், கோபம் அடங்காத பிள்ளைகளுக்குன்னு இதே மாதிரி ஒரு வீடியோ விளையாட்டுப் பண்ணியிருக்காங்களாம். எதிரிக் கப்பலைச் சுடற ஆட்டம். பிள்ளையோட நெஞ்சுத் துடிப்பு ஒரு அளவுக்கு மேல ஏறினாத் துப்பாக்கி சுடாது. பதட்டத்தைக் குறைச்சாத்தான் மறுபடி சுடும். பிள்ளைக்கு யாரும் "அமைதியா இரு"ன்னு சொல்ல வேண்டியதில்லை. ஆட்டத்துல ஜெயிக்கணும்னா அதுவா வழி தேடும். விளையாட்டுலதான் பிள்ளைங்க எதையும் கத்துக்குவாங்க. பல்லாங்குழி ஆடித்தானே நாம எண்ணக் கத்துக்கிட்டோம்.

என் பையன் முதல் நாள் அந்தப் பலூனையே பார்த்தான். மூணாவது தடவை போனப்ப, திரையைப் பார்த்தான், தன் நெஞ்சைத் தொட்டான், திரும்பத் திரையைப் பார்த்தான். உள்ளே ஒண்ணு அடிக்குதுன்னு அவனுக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. எனக்கு அங்கேயே கண்ணு கலங்கிடுச்சு.

ஆனா ஒரு தடவைக்கு ஆகிற பீஸு, பஸ் செலவு, நான் தார் சுத்தாத நாள் கூலி எல்லாம் சேர்த்து எங்களால முடியலை. நாலு தடவையோட நின்னுட்டோம். கடைசி நாள் அந்த மேடம்கிட்ட அழுதேன். அவங்க சொன்னாங்க: "இந்த மிசின் ஒரு கண்ணாடிங்க அம்மா. முகத்தைக் காட்டற கண்ணாடி மாதிரி, இது உடம்பைக் காட்டுது. வீட்டுல இருக்கிறதை வெச்சே நீங்களும் காட்டலாம்." எப்படின்னு ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக் குடுத்தாங்க. மீதியை நானும் அவனும் சேர்ந்து கண்டுபிடிச்சோம். அதைத்தான் இப்ப உங்களுக்குச் சொல்லப் போறேன்.

முதல்ல பலூன் வாங்கி ஊதச் சொன்னேன். அது பட்டுனு வெடிச்சுது. ஒரு வாரம் அவன் அந்த ரூமுக்குள்ளேயே வரலை. அதோட பலூனை விட்டுட்டேன். அடுத்து என் கண்ணுல பட்டது பஞ்சுங்க. நம்ம வீடுகள்ல பஞ்சுக்கா பஞ்சம்? தறியடியில் கூட்டினா அள்ளி அள்ளி வரும். சுத்தமான பஞ்சுல ஒரு சின்ன உருண்டை பண்ணி, மேசை மேல வெச்சு, ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரத்துக்கு ஊதித் தள்ளணும். வேகமா ஊதினாப் பறந்து கீழே விழுந்துரும், ஆட்டம் போச்சு. மெதுவா, நீளமா ஊதினாத்தான் கோடு வரைக்கும் போகும். மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சு கொஞ்சம் வேகமா அடிக்கும், வெளியே விடும்போது மெதுவாகும். அது எல்லார் உடம்புக்கும் இருக்கிற இயல்பு. அதனாலதான் வெளியே விடற மூச்சு நீளமா இருக்கணும்னு சொல்றாங்க. அவனுக்கு இதெல்லாம் தெரியாது. பஞ்சு கோட்டைத் தாண்டணும், அவ்வளவுதான் தெரியும்.

ரெண்டாவது, படுக்க வெச்சு வயித்து மேல அவனுக்குப் பிடிச்ச மரக்குதிரையை வைப்பேன். மூச்சுக்குத் தகுந்த மாதிரி குதிரை ஏறும், இறங்கும். "குதிரை தூங்கப் போகுது"ன்னா மெதுவா விடுவான். பக்கத்துல நானும் படுத்து என் வயித்து மேல ஒரு கிண்ணத்தை வெச்சுக்குவேன். ரெண்டு பேரும் ஒண்ணா ஏறி இறங்குவோம்.

மூணாவது, கொரோனா சமயத்துல ஆக்சிஜன் பார்க்கறதுக்குன்னு விரல்ல மாட்டற சின்ன மிசின் வாங்கினோமே, அது இப்ப எத்தனை வீட்டுல பரண்ல கிடக்கு? அதுல ரெண்டு எண் தெரியும். ஒண்ணு ஆக்சிஜன், இன்னொண்ணு நாடித் துடிப்பு. என் பையனுக்கு எண்ணுன்னா உசுரு. ஓடி வந்ததும் மாட்டினா 130 காட்டும். குதிரை ஆட்டம் ஆடிட்டு மாட்டினா 95-க்கு வரும். "இறங்குது, இறங்குது"ன்னு அவனுக்கு ஒரே குஷி. அந்த மையத்துல பார்த்த மிசினோட வேலையை இது பாதியாவது செய்யுது. ஆனா ஒரு எச்சரிக்கை. பெரியவங்க விரலுக்குன்னு பண்ணினது, சின்ன விரலுக்குச் சரியா உட்காராது, கையை ஆட்டினாத் தப்பா எண் காட்டும். விளையாட்டுக்கு மட்டும் வெச்சுக்குங்க. அதைப் பார்த்து வைத்தியம் முடிவு பண்ணாதீங்க.

நாலாவது, பனியன் கம்பெனி வேஸ்ட் துணி. திருப்பூர்ல இருந்து மூட்டை மூட்டையா வருதே, அதுல பச்சை, மஞ்சள், சிவப்புன்னு மூணு துண்டு எடுத்துச் சுவத்துல ஆணி அடிச்சு மாட்டினேன். பச்சைன்னா உடம்பு சும்மா இருக்கு. மஞ்சள்னா உள்ளே ஏதோ ஏறுது. சிவப்புன்னா உடையப் போகுது. முதல்ல அவனைக் கேட்கவே இல்லை. நான் என்னைச் சொன்னேன். "அம்மாவுக்கு இப்ப மஞ்சள், அரிசி தீஞ்சுபோச்சு, நெஞ்சு படபடங்குது, மூணு தடவை ஊதப் போறேன்"னு சொல்லி ஊதுவேன். என் மாமியார், "பைத்தியமா உனக்கு?"ன்னாங்க. ஆறு மாசம் தினமும் இதே பேச்சு. ஒரு நாள் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு மேளச் சத்தம் ஆரம்பிச்சதும், அவனே போய் மஞ்சத் துணியைப் பிடுங்கிட்டு வந்து என் கையில் குடுத்தான். பேச்சு இன்னும் சரளமா வராதுங்க. ஆனா அந்தத் துணி பேசுச்சு. நான் அவனைத் தூக்கிட்டுப் பின்கட்டுக்குப் போயிட்டேன். அன்னிக்கு அவன் உடையலை.

ஐந்தாவது, சேலையில் கட்டின தூளி. பெரிய பையனுக்குத் தூளியான்னு சிரிக்காதீங்க. உடம்பு முழுக்கத் துணி இறுக்கமா அணைச்சுக்கிட்டா அவனுக்குப் பதட்டம் குறையுது. அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின்னு ஒரு அம்மா இருக்காங்க. 1947-ல் பிறந்தவங்க. அவங்களுக்கே ஆட்டிசம். மூணரை வயசு வரைக்கும் பேசலையாம். அவங்க அத்தையோட மாட்டுப் பண்ணையில், மாட்டுக்கு ஊசி போடறதுக்காக ரெண்டு பக்கமும் பலகையால் நெருக்கிப் பிடிக்கிற கூண்டைப் பார்த்தாங்க. மிரண்ட மாடு அதுக்குள்ளே போனதும் அடங்கறதைப் பார்த்துட்டு, அதே மாதிரி தனக்கு ஒண்ணு பண்ணிக்கிட்டாங்க. அது பதட்டத்தைக் குறைச்சுது. பின்னாடி கால்நடைப் படிப்புல பேராசிரியரே ஆயிட்டாங்க. மாடு வளர்க்கிற நமக்கு இது புரியும். ஆனா பிள்ளை தானா விரும்பி உள்ளே போகணும், தானா வெளியே வர முடியணும். நாம பலவந்தமா இறுக்கிப் பிடிச்சா அது வேற, அது பயத்தைத்தான் கூட்டும்.

இதுல நான் பண்ணின தப்பையும் சொல்லணும். ஒரு நாள் அவன் முழுசா உடைஞ்சு கத்திட்டு இருக்கும்போது, ஓடிப் போய் அந்த விரல் மிசினை எடுத்துட்டு வந்து, "ஊது சாமி, ஊது"ன்னேன். பிடுங்கிச் சுவத்துல அடிச்சான். ஆத்துல வெள்ளம் போகும்போது நீச்சல் சொல்லிக் குடுத்தா எப்படிங்க? அமைதியா இருக்கும்போது, தினமும் பத்து நிமிசம் விளையாட்டாச் சொல்லிக் குடுக்கணும். உடையும்போது பாடம் வேண்டாம். தலை அடிபடாமத் துணியோ தலையணையோ வைக்கணும், சுத்தி நிக்கிறவங்களைப் போகச் சொல்லணும், லைட்டை அணைக்கணும், பேச்சைக் குறைக்கணும், பக்கத்துல நம்ம மூச்சை மெதுவா விட்டுட்டு உட்கார்ந்திருக்கணும். அம்மா பதறினாப் பிள்ளையும் கூடப் பதறும்.

இன்னொரு விசயம், இதுதான் முக்கியம்னு நினைக்கிறேன். மூச்சு விடக் கத்துக் குடுத்துட்டு அவனைத் திரும்பவும் அதே சத்தத்துல உட்கார வெச்சா அது நியாயம் இல்லைங்க. அது வலியை வெளியே காட்டாதேன்னு சொல்ற மாதிரி ஆயிடும். அதனால முதல்ல வீட்டை மாத்தினோம். அவன் படுக்கிற ரூமைத் தறி இல்லாத பக்கத்துக்குக் கொண்டு போனோம். சன்னலுக்குப் பழைய மெத்தையைச் சட்டம் போட்டு அடைச்சோம். காதை மூடற ஹெட்போன் ஒண்ணு வாங்கினோம். வீட்டுக்காரர் முதல்ல முணுமுணுத்தார். இப்ப அவரே மெசின் போடறதுக்கு முன்னாடி அஞ்சு விரலைக் காட்டி எண்ணிட்டுத்தான் சுவிட்சைப் போடறார். சத்தம் வரப் போகுதுன்னு பையனுக்குத் தெரியணுமில்ல.

சாமி இன்னும் ஆட்டிசம் உள்ள பிள்ளைதான். குணமாயிட்டான்னு நான் சொல்ல வரலை. இன்னும் உடையறான். முன்னாடி ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை, இப்ப வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு. தலையை மோதி ஒரு வருசம் ஆச்சு. போன மாசம் நான் ஒரு கணக்குத் தகராறுல வீட்டுல கத்திட்டு இருந்தேன். அவன் பரண்ல இருந்து அந்த விரல் மிசினை எடுத்து வந்து என் விரல்ல மாட்டினான். 112. என் மூஞ்சியைப் பார்த்தான். பஞ்சு உருண்டையை எடுத்து என் முன்னாடி வெச்சான். அதுக்கப்புறம் எனக்கு எங்கேங்க கோபம்?

நம்ம உரிமைகளையும் சுருக்கமாச் சொல்லிடறேன், குறிச்சுக்குங்க. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகைக் குறைபாடு இருக்கு, அதுல ஆட்டிசமும் ஒண்ணு. 6 வயசுல இருந்து 18 வயசு வரைக்கும் இலவசக் கல்வி உரிமை உண்டு. யூ.டி.ஐ.டி. அட்டை எடுத்தாத்தான் மத்த உதவியெல்லாம் கேட்க முடியும். அதுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல விசாரிக்கணும். 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்துக்குக் கீழே நிராமயான்னு ஒரு காப்பீடு இருக்கு. வருசத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரைக்கும் சிகிச்சைச் செலவுக்கு, தெரபி செலவுக்கும் சேர்த்து. எனக்கு இது அன்னிக்கே தெரிஞ்சிருந்தா நாலு தடவையோட நின்னிருக்க மாட்டேன். பள்ளிக்கூடம் போற பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்துல சிறப்பு ஆசிரியர்கள் இருக்காங்க. சின்னப் பிள்ளைகளுக்குச் சந்தேகம்னா அங்கன்வாடியில் சொல்லுங்க. மாவட்ட அளவுல இருக்கிற ஆரம்ப நிலைச் சிகிச்சை மையத்துக்கு எழுதிக் குடுப்பாங்க. பேர் சொன்னாத் திரும்பலை, கண்ணைப் பார்க்கலை, விரல் நீட்டி எதையும் காட்டலைன்னா, "ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்"னு காத்திருக்காதீங்க.

இந்த மாதிரி வேலையை ஆரம்பிச்சதெல்லாம் பெரும்பாலும் தாய்மார்தானுங்க. 1985-ல் சென்னையில் பூனம் நடராஜன்னு ஒரு அம்மா, மூளை முடக்குவாதம் உள்ள தன் பையனுக்காகத் தேடப் போய் ஆரம்பிச்சதுதான் இன்னிக்கு வித்யாசாகர்னு நிக்குது. 1991-ல் தில்லியில் மெர்ரி பரூவான்னு ஒரு அம்மா, ஆட்டிசம் உள்ள தன் பையனுக்காக ஆரம்பிச்சதுதான் ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம் அமைப்பு. அவங்க பெரிய ஊர்ல செஞ்சாங்க. நம்மகிட்ட இருக்கிறது குழு. அதனால இந்தக் கூட்டமைப்புக்கிட்ட நாலு விசயம் கேட்கிறேன்.

ஒண்ணு. கூட்டத்துக்கு வரலைன்னா அபராதம் போடறோம். நானும் நிறையக் கட்டியிருக்கேன். இந்த மாதிரிப் பிள்ளை வெச்சிருக்கிற தாய் வர முடியாத அன்னிக்கு அபராதம் வேண்டாம்னு தீர்மானம் போடணும். பக்கத்து வீட்டு உறுப்பினர்கிட்டச் சந்தாவைக் குடுத்து விடலாமே.

ரெண்டு. கூட்டம் நடக்கிற இடத்துல ஒரு மூலை, மைக் சத்தம் எட்டாத மூலை, ஒரு பாய், ஒரு தூளி, ஒரு பெட்டி நிறைய வேஸ்ட் துணியும் பஞ்சும் மரப் பொம்மையும். செலவு 500 ரூபாய்க்குள்ளேதான் வரும். பெட்டியை நான் தைச்சுத் தர்றேன்.

மூணு. பிள்ளை வைத்தியத்துக்குக் கடன் கேட்கிறதுக்கு எங்களுக்குக் கூச்சம் இருக்கு. அதனாலதான் மாடுன்னும் ஆடுன்னும் சொல்றோம். பிள்ளைக்குன்னு தைரியமாக் கேட்கிற மாதிரி இருந்தா, "யார்கிட்டக் குடுக்கப் போறே, அவங்க படிச்சவங்களா?"ன்னு நீங்களும் கேட்டிருப்பீங்க. என் 20,000 தப்பிச்சிருக்கும்.

நாலு. சந்தையிலோ பஸ்ஸிலோ ஒரு பிள்ளை தரையில் விழுந்து கத்தினா, அந்தத் தாயை ஒண்ணும் சொல்லாதீங்க. கூட்டத்தை மட்டும் கொஞ்சம் விலக்கி விடுங்க. அது போதும்.

சாமி இப்ப வெளியே வேப்பமரத்தடியில் அவங்க அப்பா கூட நிக்கிறான். காதுல ஹெட்போன். கையில் பச்சைத் துணி வெச்சிருக்கான்னு வீட்டுக்காரர் சைகை காட்டறார். மஞ்சள் ஆகறதுக்குள்ளே நான் பேச்சை முடிச்சுக்கிறேன்.